பில் சிறியது, அணுகல் பெரியது

2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்ற சில்லறைக் கடை நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் உள்ளே வந்த வழி, குளிர்சாதன வேலைகளைச் செய்துவந்த ஒரு வெண்டரின் (வெளியிலிருந்து சேவையோ பொருளோ தருபவர்) கணக்கு. பில் அனுப்பவும் ஒப்பந்த வேலைகளைப் பதியவும் கொடுத்த கணக்கு அது. உள்வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாததால் அங்கிருந்து கடைகளின் பில் போடும் கருவிகள்வரை அவர்களால் போக முடிந்தது.

பல நிறுவனங்கள் இன்றும் வெண்டர்களை, ஆண்டுக்கு எவ்வளவு பணம் போகிறது என்ற வரிசையில்தான் பரிசீலிக்கின்றன. பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு நீளமான கேள்விப் படிவம் போகும். கேமரா பராமரிப்பவரை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. இந்த வரிசை தவறு. வெண்டர் கையில் என்ன அணுகல் இருக்கிறது, நம் தரவில் எது அவரிடம் இருக்கிறது, அவர் ஒரு வாரம் நின்றுபோனால் நம் வேலையில் எது நிற்கும்: தரம் பிரிக்க இந்த மூன்றும் போதும்.

முதல் வேலை பட்டியல். கணக்குப் பிரிவின் பணப் பட்டுவாடாப் பதிவு, விபிஎன் (வெளியிலிருந்து உள்வலையமைப்புக்கு வரும் பாதுகாப்பான இணைப்பு) பயனர்கள், ஃபயர்வால் (வலையமைப்புக்குள் எது வரலாம், போகலாம் என்று தடுக்கும் காவல்) விதிகள், வெளியாருக்குக் கொடுத்த ஏபிஐ சாவிகள் (அவர்களின் மென்பொருள் நம் அமைப்போடு பேச உதவும் ரகசியக் குறியீடுகள்) ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பணம் போகாமல் அணுகல் மட்டும் இருக்கும் பெயர்களைத்தான் தேடுகிறோம். ஒப்பந்தம் முடிந்தும் மூடப்படாத கணக்குகள், யாரோ சோதித்துப் பார்க்க இணைத்த இலவசக் கருவிகள் எல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

'சப்போர்ட்' என்ற ஒரே கணக்கை வெண்டரின் ஐந்து பேர் பகிர்ந்தால், எது நடந்தாலும் யார் செய்தார் என்று பதிவேடு சொல்லாது. ஆளுக்கொரு கணக்கு, கட்டாயமாக இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு அடையாளச் சோதனை). தொலைநிலை அணுகல் மூடியே இருக்க வேண்டும். வேலை இருக்கும் மணிநேரத்துக்கு மட்டும் திறந்தால் போதும். அவர்களின் ஊழியர் விலகினால் நமக்குத் தானாகத் தகவல் வராது. எனவே ஒரு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மாதம் ஒருமுறை பெயர்ப்பட்டியலைச் சரிபாருங்கள். இதற்கு ஐடி பிரிவை மட்டும் பொறுப்பாக்காதீர்கள். வெண்டரை அமர்த்திய பிரிவில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்.

சான்றிதழ் காட்டினால் அதன் எல்லையைப் படியுங்கள். தகவல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் அவர்களின் ஒரே ஓர் அலுவலகத்துக்கு மட்டும் வாங்கப்பட்டிருக்கலாம். எஸ்ஓசி 2 என்பது வெண்டரின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைப் பற்றித் தணிக்கையாளர் தரும் அறிக்கை. அதில் டைப் 1 ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலையைச் சொல்கிறது. டைப் 2 பல மாதங்கள் கட்டுப்பாடுகள் உண்மையில் இயங்கினவா என்று பார்க்கிறது. வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை என்று அதில் ஒரு பகுதி வரும். பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் பகுதி அதுதான். அதைச் செய்யாவிட்டால் மற்ற உறுதிமொழிகளுக்குப் பலன் குறைவு.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனிநபர் தரவு கசிந்தது தெரிந்ததும் 72 மணிநேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். வெண்டர் தாமதித்தால் விசாரிக்க நமக்கு நேரமே மிஞ்சாது. ஒப்பந்தத்தில் 24 மணிநேரம் என்று கேளுங்கள். அவருடைய துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் அது பொருந்தட்டும்.

எல்லாம் செய்தும் நம்பிக்கையான மென்பொருள் வழியாகவே தாக்குதல் வரலாம். 2017-இல் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள், உக்ரைனின் ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்களில், மின்வெட்டால் தொடர்பற்றிருந்த கானா அலுவலகத்தினுடையது மட்டுமே தப்பியது. ஆகவே பேக்கப்பில் ஒரு பிரதி வலையமைப்பிலிருந்து முழுக்கத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். தரவோடு பயனர் கணக்குகளின் அமைப்பும் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வெற்றுச் சர்வரில் மீட்டெடுத்து, எத்தனை மணிநேரம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். முக்கிய வெண்டர்களின் அவசரத் தொலைபேசி எண்கள் காகிதத்திலும் இருக்கட்டும்.

அந்த எண்கள் இன்னொரு மோசடியையும் தடுக்கும். வெண்டரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், அஞ்சலில் உள்ள எண்ணைத் தொடாமல் ஏற்கெனவே பதிவில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். இரண்டாவது ஒருவர் ஒப்புதல் தரும்வரை புதிய கணக்குக்குப் பணம் போகக் கூடாது.