உரப்பையில் வந்த எலும்புகள்

காலபோக வெட்டு முடிந்த கையோடு குளத்தடியில் பத்தை வெட்டப் போன சிலர் ஒரு மண்டையோட்டைக் கண்டிருக்கிறார்கள். பயம் ஒரு பக்கம், செத்தவருக்குச் செய்யும் மரியாதை ஒரு பக்கம். சுற்றிக் கிடந்த எலும்பையெல்லாம் பொறுக்கி உரப்பையில் போட்டு, வேப்பமரத்தடியில் வைத்து, கற்பூரமும் கொளுத்திவிட்டுத்தான் பொலிசுக்கு அறிவித்தார்கள். பை சட்ட வைத்தியரான என்னிடம் வந்தபோது தொடை எலும்புகள் இருந்தன, இடுப்பெலும்பு இருந்தது. முன்பற்கள் இல்லை. நாவடி எலும்பும் இல்லை.

முன்பல்லுக்கு ஒரே வேர்தான். சதை போனதும் கழன்று மண்ணில் விழுந்துவிடும். நாவடி எலும்பு கழுத்தின் மேற்பக்கம் லாடம் மாதிரி வளைந்திருக்கும், காய்ந்தால் கோழி எலும்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கழுத்தை நெரித்தால் சிலவேளை அது உடையும் (இளவயதில் பெரும்பாலும் உடையாது, அதனால் உடையாத எலும்பை வைத்துக் கொலை இல்லை என்றும் சொல்ல முடியாது). அந்த இடத்துக்குப் போய் இரண்டு நாள் மண்ணை அரித்தோம், கிடைக்கவில்லை. ஆண் என்றும் ஏறக்குறைய இன்ன வயது என்றும் எழுத முடிந்தது. இறந்த காரணம் என்ற இடத்தில் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் வேலையில் எனக்குப் பிடிக்காத வரி அது.

வன்னியில் சட்ட வைத்தியராக இருந்து நான் கண்டது இதுதான்: துப்புத் துலங்காத சாவுகள் பலவற்றில் தடயத்தை அழித்தவர்கள் நாங்களே, அதுவும் நல்ல மனதோடு. தூக்கில் தொங்கியவரை இறக்கும்போது முடிச்சை அவிழ்த்துவிடுகிறோம். உயிர் இருக்கலாம் என்றால் உடனே இறக்கத்தான் வேண்டும், ஆனால் முடிச்சை விட்டுவிட்டு வேறிடத்தில் வெட்டலாமே. கிணற்றில் இருந்து எடுத்த பிள்ளைக்கு உடுப்பு மாற்றுகிறோம். இரத்தம் பட்ட சாரத்தைத் தோய்த்துக் காயப்போடுகிறோம். கட்டுத்துவக்கை, அதாவது கம்பியில் தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் பொறித் துவக்கை, பன்றிக்கு என்று தாழ்வாகத்தான் கட்டுவார்கள், ஆகவே காயம் பெரும்பாலும் காலில் இருக்கும். நெஞ்சில் காயத்தோடு ஒருவரைக் கொண்டுவந்து ‘கட்டுத்துவக்கு’ என்று சொன்னால் நான் முதலில் கேட்பது சேட்டைத்தான். ஓட்டையைச் சுற்றிப் புகைக்கரி இருக்கிறதா என்று பார்த்தால் எவ்வளவு கிட்ட நின்று சுட்டார்கள் என்பது ஓரளவு விளங்கும். தோய்த்த சேட்டில் எதைப் பார்ப்பது?

எலும்பைக் கண்டால் தொடாதீர்கள், நாயை அண்ட விடாதீர்கள். நாலு தடி நட்டு, படம் எடுத்து, பொலிசுக்குச் சொல்லிவிட்டு நீதவான் வரும்வரை காவல் இருங்கள். நரியும் பன்றியும் இழுத்துப் போன எலும்புகூட எங்கே கிடந்தது என்பதில் விஷயம் இருக்கிறது. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில்தான் எலும்பு தெரிந்தது. நீதிமன்ற உத்தரவோடு கட்டம் கட்டமாக அகழ்ந்து 2024 ஜூலையில் முடித்தபோது 52 பேரின் எச்சங்கள். பெக்கோக்காரர் பேசாமல் மூடிவிட்டுப் போயிருந்தால்?

ஆளைக் காணவில்லை என்றால் 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, அன்றைக்கே முறைப்பாடு கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழில் எழுதச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். பழைய விஷயம் இனி என்ன என்று யாராவது சொன்னால், கொலைக்கு வழக்குத் தொடரக் காலவரையறை இல்லை என்பது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம், காணாமல் போனவருடையது என்று வீட்டில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே, பல் கிளினிக் துண்டு, எல்லாம். மரபணுவை ஒப்பிடத் தாய் தகப்பன் இருந்தால் நல்லது, ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் குந்திய பெற்றோரில் எத்தனையோ பேர் இன்று இல்லை.

ஒரு அம்மா மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். “சிரிக்கிற படம் இருக்கா அம்மா?” என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. பல் தெரிய வேண்டும், அதுதான் கேட்டேன் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்து, கைப்பைக்குள் பொலித்தீனில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். சைக்கிளில் சாய்ந்தபடி ஒரு பெடியன், மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல்.

“இதைத் தரமாட்டன் டொக்டர். ஸ்டூடியோவில குடுத்துப் பிரதி எடுத்துக்கொண்டு நாளைக்கு வாறன்.”