வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

காவிரிப் படுகையில் மனநல மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியதில், சில குடும்பங்கள் வாய் திறப்பதற்கு முன்பே எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது: ஆண் என்றோ பெண் என்றோ ஊர் சொல்வது தம் பிள்ளைக்கு ஒத்துப்போகவில்லை என்பதுதான் அவர்களுடைய கவலை. மன்னார்குடிக்காரர்கள் கும்பகோணத்துக்கு வருவார்கள், கும்பகோணத்துக்காரர்கள் திருச்சிக்குப் போவார்கள். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேருந்து மாறி வருவார்கள். டோக்கனில் பிள்ளையின் பெயர் இருக்கும், ஆனால் அறைக்குள் வருவது அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். “முதல்ல நாங்க பேசிடுறோம் மேடம்” என்பார் அப்பா. பிள்ளை வெளியே பெஞ்சில் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். (இந்தக் கட்டுரையில் வரும் குடும்பங்களின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

‘எ கிட் லைக் ஜேக்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த பெஞ்ச்தான் நினைவுக்கு வந்தது. 2018-இல் வந்த அந்தப் படம், நியூயார்க்கில் நான்கு வயது மகனை நல்ல தனியார் பள்ளியில் சேர்த்துவிடப் படாத பாடு படும் ஒரு தம்பதியின் கதை. ஜேக்குக்கு இளவரசிக் கதைகளும் பாவாடையும் பிடிக்கும். அதை விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் சேர்க்கைக்கு உதவக்கூடும் என்று மழலையர் பள்ளித் தலைவி யோசனை சொல்ல, அதுவரை வீட்டுக்குள் இயல்பாக இருந்த ஒன்று திடீரெனப் பெயர் வைக்கப்பட வேண்டிய விஷயமாகிவிடுகிறது. தாயாகக் கிளேர் டேன்ஸும் தந்தையாக ஜிம் பார்சன்ஸும் நடித்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குத் தெரிந்த பிரியங்கா சோப்ரா ஒரு சிறு வேடத்தில் வருகிறார். இயக்கிய சைலஸ் ஹோவர்ட் தாமே ஒரு திருநம்பி, அதாவது பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்டு ஆணாகத் தம்மை உணர்ந்தவர். மூலக்கதை டேனியல் பியர்ல் எழுதிய நாடகம். அந்த நாடகத்தில் ஜேக் மேடைக்கு வருவதே இல்லை, படத்திலும் ஓரத்தில் அவ்வப்போதுதான் தென்படுகிறான். அதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் மணிக்கணக்காகப் பேச, பிள்ளை மட்டும் அந்தப் பேச்சில் இல்லாமல் இருப்பதை நான் வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் என்னை உறுத்தியது. அந்தத் தந்தை என் தொழிலுக்கு அண்டை வீட்டுக்காரர், அதாவது உளவியல் ஆலோசகர். ஊராருக்கெல்லாம் வழி சொல்பவர், தம் வீட்டில் மனைவியிடம் இதைப் பேச வாய் வராமல் நிற்கிறார்.

படத்தின் கனமான இடம் கணவனும் மனைவியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுச் சண்டையிடும் காட்சி. நம் ஊரில் அந்தச் சண்டைக்குப் பெரும்பாலும் ஒரே குற்றவாளிதான் உண்டு, அது அம்மா. ஒரு முறை வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு புகைப்படத்தை என் மேசையில் வைத்தார். குலதெய்வக் கோயிலில் முதல் மொட்டை போடுவதற்கு முன், வளர்ந்திருந்த முடியைப் பின்னி, பூச்சடை வைத்து, பட்டுப்பாவாடை கட்டி ஸ்டுடியோவில் எடுத்த படம். பையனுக்கு அப்போது இரண்டரை வயது இருக்கும். டெல்டாவில் பாதி வீடுகளின் ஆல்பத்தில் இப்படி ஒரு படம் இருக்கும். “இதைப் பண்ணினதாலதான் புள்ள இப்படி ஆயிடுச்சுன்னு மாமியா தினம் சொல்லுது. நான்தானா மேடம்?” என்று கேட்டார். அதே பூச்சடையோடு படம் எடுத்துக்கொண்ட அவருடைய கணவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அப்படி ஒரு படம் உண்டு என்பது நான் கேட்டபோதுதான் அந்த அம்மாவுக்கு நினைவு வந்தது.

பின்னல் போட்டதாலோ, அக்காக்களோடு வளர்ந்ததாலோ, அப்பா வெளிநாட்டில் இருந்ததாலோ, கைபேசியில் எதையாவது பார்த்ததாலோ ஒரு பிள்ளை திருநங்கையாகவோ திருநம்பியாகவோ ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று வயதுக்குள் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஊர் சொல்வதும் உள்ளே உணர்வதும் ஒத்துப்போவதில்லை. பெற்றோர் ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் கேட்பார்கள். முடிவுகள் வழக்கமாக இயல்பாகவே வரும்போது, நோய் இருந்திருந்தால் மருந்தாவது இருந்திருக்குமே என்று சிலர் ஏமாற்றமே அடைகிறார்கள். பிறப்பிலேயே உடலமைப்பு வேறுபட்டிருக்கும் இடைபாலினக் குழந்தைகளின் நிலை வேறு, இவர்களுடைய நிலை வேறு என்பதையும் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. யார் மேல் காதல் வருகிறது என்பது மூன்றாவதாக ஒரு தனிக் கேள்வி.

அதே சமயம், பொட்டு வைத்துக்கொள்ள ஆசைப்படும் ஒவ்வொரு நான்கு வயதுப் பையனும் நாளைய திருநங்கை என்று முடிவு கட்டுவதும் தவறு. ஜேக் யார் என்று படமும் சொல்வதில்லை, அதைப் படத்தின் நேர்மை என்றே நினைக்கிறேன். அந்த வயதில் மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, அறுவைச் சிகிச்சையும் இல்லை. பிள்ளை விளையாடுவதை விளையாட விட்டு, கேலியிலிருந்து காத்து, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது மட்டும்தான் செய்ய வேண்டியது. பருவ வயது தொடங்கும்போதும் அந்த உணர்வு மாறாமல் நின்று, குரல் உடைவதும் மீசை அரும்புவதும் அல்லது மார்பு வளர்வதும் பிள்ளைக்குத் தாங்க முடியாத துன்பமாகும்போதுதான், மனநல மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கட்டம் வருகிறது. அறுவைச் சிகிச்சை என்ற பேச்சு பதினெட்டு வயதுக்குப் பிறகுதான். வீட்டில் பேச முடியாத பிள்ளைகள் அதற்குள் தாமாகவே மருந்துக்கடையில் பெண் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்காணிப்பு இல்லாமல் அதைச் சாப்பிட்டால் இரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்படும் ஆபத்து உண்டு என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருநம்பிகளின் பெற்றோர் பொதுவாகத் தாமதமாகவே வருகிறார்கள். பேண்ட் போட்டு, கிராப் வெட்டி, தெருவில் கிரிக்கெட் ஆடும் பெண் பிள்ளையை ஊர் ரசிக்கத்தான் செய்கிறது, மஞ்சள் நீராட்டு வரும் வரை. வயதுக்கு வந்த ஒன்பதாம் நாள் சீர்வரிசைத் தட்டுகளோடு மாமன் வீட்டார் வந்து நிற்க, சேலை கட்டிய படம் ஆளுயர ஃபிளக்ஸில் கடைத்தெருவில் தொங்க, அதன் கீழே நடந்து பள்ளிக்குப் போன ஒரு பிள்ளை, “அந்தப் படத்துல இருக்குறது நான் இல்ல” என்ற ஒரே வாக்கியத்தைத்தான் முதல் சந்திப்பு முழுவதும் என்னிடம் சொன்னது. முன்கையில் பிளேடால் கீறிய தழும்புகள் இருந்தன. முழுக்கைச் சட்டை போடுவது ஆம்பளைத்தனம் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, அந்தக் கையை யாரும் ஒரு முறைகூடத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை.

என்னுடைய தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டு, கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தாம் வகுப்புப் பையன் என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். பெற்றோரிடம் முக்கால் மணி நேரமும் பிள்ளையிடம் ஐந்து நிமிடமும் பேசிவிட்டு, வயசுக் கோளாறு, பரீட்சை முடிந்தால் சரியாகிவிடும், விளையாட்டில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதி அனுப்பினேன். அன்றைய பாடநூல்கள் இதை மனநோய்களின் பட்டியலில் வைத்திருந்தன, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்காதே என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து அப்பா மட்டும் வந்தார். பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டது, எங்கே போகும் என்று உங்களிடம் ஏதாவது சொன்னதா என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த என் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் மாத்திரையின் பெயரும் என் கையெழுத்தும் மட்டும்தான் இருந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், இந்த நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கிவிட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு, பால் அடையாளத்தையோ பாலியல் நாட்டத்தையோ மருத்துவத்தின் பெயரால் ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்தது. அந்த வழக்குக்காக அவர் ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை வெளிப்படையாகச் சொன்னார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’ மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே, ஊசி போட்டு ஆம்பளையாக்கித் தருகிறேன், மின்சிகிச்சை கொடுத்து மறக்கடிக்கிறேன் என்று எவராவது சொன்னால், அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம் இருந்தாலும் பிள்ளையை அழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் அவ்வளவாகக் கண்டிப்பதில்லை. கயிற்றோடு அடியும் பட்டினியும் சேரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆண்பால், பெண்பால் என்பது நம் மொழியில் வினைமுற்று வரை ஒட்டிக்கொண்டு வருவதால், வீட்டில் முதல் சிக்கல் பேச்சில்தான் தொடங்குகிறது. வந்தான் என்பதா, வந்தாள் என்பதா? கோபத்தில் சிலர் ‘அது வந்துச்சு’ என்று முகம் சுளித்துச் சொல்வார்கள். அந்த ‘அது’ ஒரு பிள்ளையின் நெஞ்சில் எப்படி இறங்கும் என்பதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைத்தே பேசுகிறது. ஆனால் அம்மாக்கள் தொல்காப்பியம் படிக்காமலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள்: “புள்ள சாப்பிடல மேடம்”, “புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல”. அவன் என்று சொல்லிப் பிள்ளையை நோகடிக்க மனமில்லாமலும், அவள் என்று சொல்லப் புருஷன் முன்னால் துணிவில்லாமலும், நம் ஊர்ப் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ‘புள்ள’ என்ற சொல்லில் ஒதுங்கி நிற்கும் அந்த அம்மாவிடம், அங்கேயே நிதானமாக நில்லுங்கள், அடுத்த சொல் தானாக வரட்டும் என்றுதான் நான் சொல்கிறேன்.

பள்ளியைப் பற்றிக் கேட்கும்போது நான் முதலில் கேட்பது தண்ணீர் பாட்டிலைப் பற்றி. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? ஆண்கள் கழிப்பறைக்குப் போனால் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளை, காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது என்று குடும்ப மருத்துவரிடம் போய், அவர் சந்தேகப்பட்டு என்னிடம் அனுப்பிய பிள்ளைகள் உண்டு. தலைமை ஆசிரியரிடம் பேசி ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றே குறைகிறது. அதற்குப் பெற்றோர் ஒரு நாள் பள்ளிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மேட்டூர் திறந்து நடவு முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போடும் தந்தையர் பலர். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. சொந்தக்காரர்களின் வாய்க்கு அஞ்சாத குடும்பம் இந்தப் பக்கத்தில் ஏது? ஆனால் சில இரவுகளுக்கு அவ்வளவு காலம் பொறுக்கத் தெரியாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தனக்குப் பிடித்த பொருள்களை யாருக்காவது கொடுக்கத் தொடங்கினாலோ அன்றைக்கே அழைத்து வாருங்கள்; நள்ளிரவாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இலும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-இலும் பேசலாம். வீட்டை விட்டுப் போ என்று சொல்வதற்கு முன் திருநர், அதாவது திருநங்கை, திருநம்பி போன்றோருக்கான 2019-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள்: திருநர் என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல், பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது, பெற்றோர் வாழும் வீட்டில் வாழ அதற்கு உரிமை உண்டு.

தஞ்சைக்குப் பக்கத்து மேலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவார்கள். ஊரே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்து மெய்ம்மறக்கும். அதைச் சொல்லி ஒரு தந்தை என்னிடம் கேட்டார்: “அவங்கள்லாம் விடிஞ்சதும் வேஷத்தைக் கலைச்சிட்டு வேலைக்குப் போறாங்களே, இவன் ஏன் கலைக்க மாட்டேங்குறான்?” நல்ல கேள்வி. உங்கள் பிள்ளை தினமும் காலையில் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு கட்டுவதுதான் வேடம் என்று பதில் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. இன்னொன்றும் சொன்னேன்: மதுரையில் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு திருநங்கையைத் பரதநாட்டியத்தை முறைப்படுத்திய தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்று நாட்டியம் சொல்லிக்கொடுத்தது இதே தஞ்சாவூரில்தான். அந்த நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இப்போதெல்லாம் நான் பெஞ்சில் இருப்பவரைத்தான் முதலில் அழைக்கிறேன்; பெற்றோர் வெளியே காத்திருக்கிறார்கள். மேலட்டூர்க் கேள்வி கேட்ட அந்தத் தந்தை ஏழெட்டு முறை அப்படிக் காத்திருந்திருப்பார். சென்ற தை மாதம், அறுவடை முடிந்து கையில் இன்னும் நெல் தூசியின் சொறி ஆறாத நிலையில், பிள்ளையோடு வந்தார். புதிய ஆண்டுக்குப் புதிய பதிவேடு போட்டிருந்ததால் வரவேற்பில் இருந்த பெண் எல்லோரையும் மறுபடி பெயர் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார். தந்தை குனிந்து, பெயர்க் கட்டத்தில் தம் பெயரின் முதலெழுத்தைப் பிள்ளைக்கு இனிஷியலாக எழுதிப் புள்ளி வைத்தார். அதற்குமேல் எழுதாமல் பேனாவைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் நீட்டினார்.