ஸ்டாண்ட்பை வெசல்: உடன்நிற்கும் கலத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர்

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளை ஒட்டி ஒரு கப்பல் இரவும் பகலும் நிற்பதுண்டு. மேடை தீப்பிடித்தாலோ, ஹெலிகாப்டர் கடலில் இறங்கினாலோ, ஒருவர் தவறி நீரில் விழுந்தாலோ விரைந்து சென்று உயிர் மீட்பதே அதன் வேலை. துறையினர் அதை ஸ்டாண்ட்பை வெசல் என்கிறார்கள். தமிழில் எழுதும்போது காவல் கப்பல், உதவிக் கப்பல், தயார்நிலைக் கப்பல் என்றெல்லாம் சொல்லத் தோன்றும். மூன்றும் போதாது என்பது என் கருத்து. காவல் என்றால் ரோந்து நினைவுக்கு வரும். உதவிக் கப்பல் என்பது சரக்குக் கொண்டுவரும் கப்பலுக்கும் பொருந்தும். தயார்நிலையில் இருக்கும் கப்பல் துறைமுகத்திலும் இருக்கலாம்.

ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட் பை' என்ற தொடருக்கு நேர்ப்பொருள் அருகில் நிற்றல். கைவிடாமல் துணைநிற்றல், ஆணைக்குக் காத்திருத்தல் ஆகிய பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை. அது பெயர்ச்சொல் ஆனது கப்பலோட்டிகளிடம்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆபத்துக்கு உதவ அருகில் நிறுத்திவைத்த கப்பலை அது குறித்தது. மின்கருவியிலும் விமானப் பயணச்சீட்டிலும் இன்று காணும் ஸ்டாண்ட்பை பின்னால் வந்தது. 'வெசல்' பாண்டத்தையும் கப்பலையும் குறிக்கும் சொல். நம்முடைய 'கலம்' அந்த இரண்டையும் அப்படியே சுமக்கிறது: மட்கலம், மரக்கலம்.

எண்ணெய்த் துறையில் இந்தச் சொல்லுக்கு எடை கூட்டியவை விபத்துகள். 1965 டிசம்பர் 27 அன்று பிரிட்டனின் வடகடல் பகுதியில் 'சீ ஜெம்' என்ற துளையிடும் மேடை கால் முறிந்து சரிந்தது. வானொலி அறையும் கடலுக்குள் போய்விட்டதால் அபாயச் செய்தி அனுப்ப வழியில்லை. தற்செயலாக அவ்வழி வந்த 'பால்ட்ரோவர்' என்ற சரக்குக் கப்பல் கண்ணுற்றுக் காப்பாற்றியது. 13 பேர் இறந்தார்கள். மேடைக்கு அருகே ஒரு கப்பல் நின்றாக வேண்டும் என்ற விதிக்கு அந்த விபத்தே வித்திட்டது.

நின்றால் மட்டும் போதாது என்பதை 1988 ஜூலை 6 இரவு அதே வடகடலில் வெடித்துத் தீப்பற்றிய 'பைப்பர் ஆல்ஃபா' மேடை காட்டியது. இறந்தவர்கள் 167 பேர். அவர்களில் இருவர் மீட்க வந்த படகின் பணியாளர்கள். அன்று அங்கே நின்ற 'சில்வர் பிட்' ஒரு பழைய மீன்பிடிக் கப்பலை மாற்றியமைத்த கலம். அதில் இருந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பலரைக் கரைசேர்த்தார்கள். கலம்தான் அந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. அந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் வெளியாகி 106 பரிந்துரைகளைத் தந்தது. பிரிட்டனில் இப்போது இவ்வகைக் கப்பல்களின் பெயரே 'அவசரகால மீட்புக் கலம்' என்னும் பொருள்பட மாறிவிட்டது. பழைய பெயரில் அருகில் நிற்பது மட்டும் இருந்தது. புதிய பெயரில் மீட்பது வந்தது. தமிழ்ப் பெயரில் இரண்டும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஏனென்றால் நிற்பதும் எளிய செயலன்று. ஆழ்கடலில் நங்கூரம் போட முடியாத இடங்கள் உண்டு. அடியில் குழாய்கள் கிடக்கும் இடங்களில் போடவும் கூடாது. 1961இல் 'கஸ் 1' என்ற துளையிடும் கப்பல், திசை திருப்பக்கூடிய நான்கு உந்திகளை (கப்பலைத் தள்ளும் சுழல்விசிறிகளை) கையால் இயக்கியே ஓரிடத்தில் நின்றது. அதே ஆண்டில் 'யுரேகா' என்ற கப்பல் அந்த வேலையைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தது. இன்றைய கலங்களில் செயற்கைக்கோள் இடங்காட்டி, காற்றுமானி, திசைகாட்டி தரும் தகவல்களைக் கணினி ஓயாமல் கணக்கிட்டு உந்திகளைத் திருப்புகிறது. டைனமிக் பொசிஷனிங் எனப்படும் இதை 'இயங்கு நிலைநிறுத்தம்' எனலாம். இதன் இரண்டாம் வகுப்பில் ஒரு இயங்கு கருவி பழுதானாலும் கலம் இடம் பெயராது. மூன்றாம் வகுப்பில் ஒரு அறை முழுவதும் தீயிலோ நீரிலோ போனாலும் பெயராது.

இந்தக் கடுமை தேவையா என்று கேட்பவர்கள் மும்பை ஹை எண்ணெய் வயலை நினைக்க வேண்டும். 2005 ஜூலை 27 அன்று, காயம்பட்ட ஒருவரை மேடைக்கு மாற்ற நெருங்கி வந்த 'சமுத்திர சுரக்ஷா' என்ற பல்பணித் துணைக்கப்பல் மேடையில் மோதியது. கடலடியிலிருந்து வாயு ஏறும் குழாய் உடைந்து தீப்பற்றியது. 22 பேர் மாண்டார்கள், மேடை அழிந்தது, கப்பலும் சில நாள்களில் மூழ்கியது. அதன் பெயருக்குக் கடல் பாதுகாப்பு என்று பொருள்.

மீட்பின் பக்கம் பொறியியல் செய்த மாற்றங்கள் நுணுக்கமானவை. நடுக்கப்பலின் இருபுறமும் உந்திகளிலிருந்து விலகிய ஒரு 'மீட்புப் பகுதி' ஒதுக்கப்படுகிறது. நீந்தி வருபவரை ஏற்றிக்கொள்ள அங்கே பக்கவிளிம்பு தாழ்வாக இருக்கும். தீயணைப்புத் திறனுக்கென வகுப்புகள் உண்டு. முதல் வகுப்புக் கலம் மணிக்கு 2,400 கனமீட்டர் நீரை 120 மீட்டர் தொலைவுக்கு வீச வேண்டும். நெருப்பை நெருங்கும்போது தன்மேலேயே நீர்த்திரை பொழிந்துகொள்ளும் ஏற்பாடும் அதில் இருக்கும்.

என் பரிந்துரை 'உடனிலை மீட்புக் கலம்'. உடனிலை என்பது புதிதாகப் புனைந்த சொல்லன்று. உடனிலை மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் படித்திருப்போம். பிரியாமல் கூடவே நிற்பதை அது ஒரே சொல்லில் சொல்கிறது. செய்திக்கு நீளம் என்றால் உடனிலைக் கலம் போதும்.

இதனோடு சேர்ந்த இரண்டு சொற்கள். ஊதிப் பெருகும் உயிர்காப்பு மிதவைக்குத் திருக்குறளின் 306ஆம் குறளில் 'ஏமப் புணை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஏமம் பாதுகாப்பு, புணை தெப்பம். பெரிய கலத்திலிருந்து இறக்கிவிடப்படும் அறைகொண்ட விரைவுப் படகை ஆங்கிலத்தில் 'மகள் கலம்' என்பார்கள். தாய்க்கப்பல் என்று நாம் சொல்வதற்கு இணையாக அதைச் 'சேய்ப்படகு' என்றால் யாருக்கும் விளங்கும். தாயை விட்டு விலகிச் சென்று தனியே மீட்கும் திறன் உள்ள படகுகளுக்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்வது நல்லது.