அடி நின்றால் போதும் என்பவருக்கு: தென்னாப்பிரிக்காவின் புரொடெக்ஷன் ஆர்டர்

“கேஸ் எல்லாம் வேண்டாம். அவரை ஜெயிலில் போட வேண்டாம். அடி நின்றால் போதும்.”

தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ லெனேஷியாவிலோ ஒரு பெண் வாய் திறந்து சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வாள். கேட்டவர்கள் உடனே, “சரி, பெரியவர்களை வைத்துப் பேசுவோம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அவள் கேட்டதற்கு அப்படியே பொருந்துகிற ஒரு வழி இந்த நாட்டுச் சட்டத்தில் 1999 டிசம்பரிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு ஆணை என்பது தமிழ்ப் பெயர். புழக்கத்தில் புரொடெக்ஷன் ஆர்டர்.

இது கிரிமினல் கேஸ் அல்ல, விவாகரத்தும் அல்ல. இன்னின்னதைச் செய்யக் கூடாது என்று வன்முறை செய்பவருக்கு மாஜிஸ்திரேட் எழுத்தில் போடும் கட்டளை. அதை மதித்து நடக்கும் வரை, அந்த ஆணையால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. மீறினால் மீறியதே குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அடித்ததற்குத் தனியாகப் போலீஸில் புகார் கொடுக்கும் உரிமையும் அவளுக்கு அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம், ஒன்றை மட்டும் செய்யலாம்.

1993-ல் வந்த பழைய சட்டம் கணவன் மனைவியையும், அப்படிச் சேர்ந்து வாழ்ந்தவர்களையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. 1998-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வட்டத்தைப் பெரிதாக்கியது. 2021-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 14 முதல் இன்னும் விரிவாக நடைமுறையில் இருக்கிறது. நம்மவர்களுக்கு இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதியவே இல்லை என்ற குடும்பங்கள் இங்கே நிறைய. சொத்து, வாரிசு என்று வரும்போது அது தலைவலிதான். இந்தச் சட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மதப்படி, வழக்கப்படி நடந்த கல்யாணமும் போதும். நிச்சயம் ஆனவர்கள், காதலித்தவர்கள், பிரிந்து போனவர்கள், மாமியார், மருமகள், மகன், பேரன் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணவனின் விசாவை நம்பி வந்தவரும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

கன்னம் வீங்கியிருந்தால்தான் வன்முறை என்றும் இல்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் காசு கொடுக்காமல் வதைப்பது, தாய் வீட்டாரோடு பேசவிடாமல் அறுத்துவைப்பது, தப்பிக்க வழி இல்லாமல் செய்வது எல்லாமே சட்டத்தின் வரையறைக்குள் வரும். பாஸ்போர்ட்டைப் பூட்டிவைப்பதை நான் அந்தக் கடைசி வகையில்தான் சேர்ப்பேன். ஒருவருடைய சாமியைப் பழிப்பதும், கும்பிடவிடாமல் தடுப்பதும்கூட 2021 திருத்தத்தில் இருக்கிறது. பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் சர்ச்சுக்கும் போகிற வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல.

ஆயாக்களின், அதாவது பாட்டிமாரின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சாட்ஸ்வொர்த்தில் ‘சுகர்ஸ்’ என்ற போதைப்பொருள் புகுந்த வீடுகளில், முதியோர் உதவித்தொகை வரும் நாளில் பேரன் வாசலில் நிற்பான். கேட்டால், “நம்ம பிள்ளைதானே” என்பார் ஆயா. முதியவர், குழந்தை, ஊனமுற்றவர் மீது குடும்ப வன்முறை நடக்கிறது என்று தெரிந்த, அல்லது நியாயமாகச் சந்தேகிக்கிற, வயது வந்த எவரும் சமூகநலப் பணியாளரிடமோ போலீஸிடமோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது திருத்தம். பெண்களுக்கு இங்கே முதுமை 60-ல் தொடங்குகிறது. ஆக, பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டு டிவி ஒலியைக் கூட்டிவைப்பது இனி வெறும் நாகரிகம் அல்ல.

சரி, எங்கே போவது? நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். வீட்டை விட்டு வெளியேறி அக்கா வீட்டில் ஒரு வாரமாகத்தான் இருக்கிறீர்கள் என்றாலும், அந்தப் பகுதிக் கோர்ட்டே போதும். நீங்கள் வேலை செய்யும் இடத்துக் கோர்ட்டும் சரிதான். கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படிவத்தை நிரப்பிச் சத்தியம் செய்து கிளார்க்கிடம் கொடுக்க வேண்டும். இணையம் வழியாக விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. அவசரம் என்றால் கோர்ட் நேரம் முடிந்த பிறகும் கேட்கலாம்.

எழுதும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். “என்னை எப்போதும் கொடுமைப்படுத்துகிறார்” என்று எழுதினால் மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றும் விளங்காது. தீபாவளிக்கு முந்தின இரவு, சமையலறையில், கரண்டியால், இடது தோளில், பெரியவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எழுதுங்கள். அப்புறம் என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள். அவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று கேட்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வாடகையை அவரே கட்ட வேண்டும், துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய வேண்டும், துணிமணியும் பத்திரங்களும் எடுக்கப் போலீஸ் கூட வர வேண்டும், என் புது விலாசம் ஆணையில் இருக்கக் கூடாது என்றெல்லாம் கேட்கலாம். கேட்காததை யாரும் ஊகித்துத் தரமாட்டார்கள்.

தமிழ் இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் பெயர் சொல்லி மதிக்கப்படும் மொழி. ஆனால் ஆட்சிமொழி அல்ல. ஆங்கிலம் தடுமாறினால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கிளார்க்கிடம் சொல்லிவிடுங்கள். உதவிக்கு வருவதாகச் சொல்லும் கணவனின் சித்தப்பாவை மட்டும் அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

எழுதியதில் போதிய முகாந்திரம் இருந்தால், அவரைக் கேட்காமலேயே இடைக்கால ஆணை கிடைக்கும். அதை நீங்கள் கொண்டுபோய் நீட்ட வேண்டியதில்லை. ஷெரிஃபோ போலீஸோ அவரிடம் சேர்ப்பார்கள். விசாரணைக்கு ஒரு தேதி போடுவார்கள். அன்று அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம். நீங்கள் தவறாமல் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டும் போங்கள். இறுதி ஆணைக்குக் காலக்கெடு இல்லை. கோர்ட் ரத்து செய்யும் வரை நாடு முழுவதும் செல்லும். டர்பனில் வாங்கியது ஜோஹன்னஸ்பர்க்கிலும் செல்லும்.

ஆணையோடு ஒரு கைது வாரண்டும் வருகிறது. மடித்து வைத்த குடை மாதிரி அது சும்மா இருக்கும். அவர் மீறியதும் நீங்கள் அதை ஒரு பிரமாண வாக்குமூலத்தோடு போலீஸில் கொடுக்கலாம். உங்களுக்குக் கெடுதல் நேரலாம் என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால் அவர்கள் கைது செய்தாக வேண்டும். தொலைந்துவிட்டால் இன்னொன்று வாங்கலாம். “இது குடும்ப விவகாரம், வீட்டுக்குப் போம்மா” என்று ஸ்டேஷனில் சொன்னால், அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. தங்குமிடத்துக்கும் மருத்துவ உதவிக்கும் வழிசெய்வது போலீஸின் சட்டக் கடமை, தவறினால் ஒழுங்கீனம்.

ஆணை வந்த பிறகு பெரியவர்கள் மறுபடி வருவார்கள். காவடி எடுக்க விரதம் இருக்கிறான், திருந்திவிட்டான், பேப்பரைத் திரும்ப வாங்கிவிடு என்பார்கள். விரதம் இருக்கட்டும், நல்லதுதான், ஆணையும் இருக்கட்டும். ரத்து செய்யச் சொல்லி அவளே விண்ணப்பித்தாலும், யாருடைய நெருக்குதலும் இல்லாமல் கேட்கிறாள் என்று கோர்ட்டுக்குத் திருப்தி வர வேண்டும். மீறல் வழக்கு பதிவாகியிருந்தால், அரசு வழக்குத்தொடுப்பு இயக்குநரோ அவர் நியமித்த மூத்த அதிகாரியோ அனுமதிக்காமல் அரசு வழக்கறிஞர்கூட அதைத் திரும்பப் பெற முடியாது. கோயில் கமிட்டி கூடிப் பேசி முடித்துவைக்கும் விஷயம் அல்ல அது.

உடனடி ஆபத்துக்குப் போலீஸ் எண் 10111. பேச ஆள் வேண்டும் என்றால் பாலின வன்முறை உதவி எண் 0800 428 428. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பாலியல் வன்முறையும் நடந்திருந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துத்துசேலா மையத்துக்குப் போவது நல்லது. சாட்ஸ்வொர்த்தில் ஆர். கே. கான் மருத்துவமனையிலும் பீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும் அந்த மையம் இருக்கிறது.