ஹைப்ரிட் மைலேஜ் குறைந்தால் உடனே பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட் காரோடு, பேட்டரி புகார் சொல்லி என் ஒர்க்ஷாப்புக்கு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வண்டியை விட்டு இறங்கியதும் சொன்னார்: "தம்பி, பேட்டரி போயிடுச்சு. லிட்டருக்கு 23 கொடுத்த வண்டி இப்போ 14தான் தருது. வேற இடத்துல காட்டினேன், முழுசா மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

ஸ்கேனரை மாட்டினேன். பேட்டரிக்குள் இருக்கும் செல் தொகுதிகளின் வோல்டேஜ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. லோடு கொடுத்து, அதாவது மின்சாரத்தை இழுக்க வைத்துப் பார்த்தாலும் எந்தத் தொகுதியும் தனியாகச் சரியவில்லை. கெட்டுப்போன பேட்டரி இப்படி இருக்காது.

பின் சீட் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். பேட்டரியைக் குளிர வைக்கும் காற்று உள்ளே போகிற வழி அது. வலையில் தூசியும் நாய் முடியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. டயர்களில் 35 இருக்க வேண்டிய காற்று 26, 27.

"தினமும் எவ்வளவு தூரம் சார் ஓட்டுறீங்க?"

"ஆபீஸ் மூணு கிலோமீட்டர்தான். ஆனா முடிஞ்சவரைக்கும் எஞ்சினையே ஓட விடுறதில்ல தம்பி. இவி பட்டனைப் போட்டு, பேட்டரியில மட்டும்தான் ஓட்டுறேன்."

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! இன்னொரு முறை சொல்கிறேன். பிளக் மாட்டிச் சார்ஜ் செய்யாத ஹைப்ரிட்டுக்குப் பெட்ரோலைத் தவிர வேறு வரும்படி கிடையாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டாவின் ஹைப்ரிட் கார், முதல் பிரியஸ் தொடங்கி இதுதான் கதை. உங்கள் பேட்டரியில் இருக்கும் மின்சாரம் முழுவதும் முன்பு உங்கள் டேங்கில் பெட்ரோலாக இருந்ததுதான். பச்சை இவி விளக்கு எரியும்போது வண்டி சும்மா ஓடுவதாக நினைக்காதீர்கள். ஏற்கெனவே காசு கொடுத்ததைத்தான் அப்போது செலவழிக்கிறீர்கள்.

அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒன்றரை டன் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சிக்னலில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த வேகத்தை எட்ட மட்டும் எஞ்சின் குடித்தது தோராயமாக 20 மில்லி பெட்ரோல், நான்கு டீஸ்பூன். சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்ததும் அது மொத்தமும் சூடாகக் காற்றில் போய்விடும். ஹைப்ரிட் அதில் ஒரு பங்கைப் பிடித்துப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். முன்கூட்டியே மெதுவாக மிதித்தால்தான் அதுவும் கிடைக்கும். கடைசி நொடியில் அழுத்தி மிதித்தால் பேட்டரியால் அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ள முடியாது. மிச்சம் பிரேக் பேடுக்குப் போய்விடும்.

இவி பட்டனைப் போட்டு உருட்டினால் பேட்டரி காலியாகும். அதை யார் நிரப்புவது? எஞ்சின்தான். பெட்ரோல் மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய், மறுபடி வெளியே வந்து சக்கரத்தைச் சுற்றுவதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சேதாரம். எஞ்சின் எப்போது ஓட வேண்டும், மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்ற கணக்கை வண்டியின் கம்ப்யூட்டரிடமே விடுங்கள். பார்க்கிங்கில் சத்தமில்லாமல் வண்டியை நகர்த்தத்தான் அந்தப் பட்டன்.

இதே வரிசையில் இன்னொன்று, இறக்கத்தில் நியூட்ரல் போடுவது. டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. இறக்கத்தில் திரும்பக் கிடைக்கிற மின்சாரத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறீர்கள். நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நியூட்ரலில் நின்றாலும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். டி-யிலேயே விடுங்கள், தயவுசெய்து. கியரில் பி (B) என்ற நிலையும் கூடுதலாகச் சார்ஜ் செய்வதற்கு வைத்ததில்லை. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளத்தான் அது.

மூன்று கிலோமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். குளிர்ந்த எஞ்சின் கிளம்பியதும், பேட்டரி நிறைந்திருந்தாலும், தன்னையும் புகைக் குழாயில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சூடாக்கத் தானாகவே ஓடும். சூடாகி முடிக்கும்போது உங்கள் ஆபீஸ் வந்துவிடுகிறது. சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து. குளிர் நாடுகளில் இது இன்னும் மோசம். வெளி வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கினால், ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டத்தில் சாதாரணப் பெட்ரோல் காரின் மைலேஜ் 24% வரை குறையலாம், ஹைப்ரிட்டில் 30 முதல் 34% வரை என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஹீட்டர் போட்டால் அதற்கு வெந்நீர் கொடுக்கவும் எஞ்சின்தான் ஓட வேண்டும். நாலு சின்ன வேலைகள் இருந்தால் ஒரே சுற்றில் முடித்துவிடுங்கள்.

"ஹைவேயில இன்னும் நல்லா கொடுக்கணுமே?" என்பவர்களுக்கு: கொடுக்காது. 2010 பிரியஸுக்கு அமெரிக்க அரசு கொடுத்த அளவே ஊருக்குள் கேலனுக்கு 51 மைல், நெடுஞ்சாலையில் 48. பிரேக்கே மிதிக்காத சாலையில் எதைத் திரும்பப் பிடிப்பது? 80-ல் போகிறவர் 110-ல் போனால் காற்றின் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூரைமேல் பெட்டி வைத்தால் அதற்கும் மேல். ஊர் திரும்பியதும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள்.

பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் வெளியில் சார்ஜ் செய்யாமல் ஓட்டிவிட்டு என்னிடம் வந்து புகார் சொல்லாதீர்கள். சாலையில் ஓடும் கார்களிலிருந்தே எடுத்த அளவுகளை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. ஆய்வகத்தில் சொன்னதைப் போல மூன்றரை மடங்கு எரிபொருளை இந்த வண்டிகள் குடித்திருந்தன. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் அந்த வித்தியாசம் சுமார் 20%தான்.

டயர் காற்றை மாதம் ஒரு முறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில் வேண்டாம். ஹைப்ரிட்டில் பிரேக் பேடுக்கு வேலை குறைவு, அதனால் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுவது உங்களுக்குத் தெரியாது, சர்வீஸில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி ஃபேன் வலையைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் பேட்டரி சூடாகும், கம்ப்யூட்டர் அதன் வேலையைக் குறைக்கும், எஞ்சின் அதிகம் ஓடும். நாய், பூனை ஏறும் வண்டியென்றால் அடிக்கடி பாருங்கள்.

டேஷ்போர்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்பி வராதீர்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி மூன்று முறை கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்த மூணு கிலோமீட்டர் சாருக்கு வலையைச் சுத்தம் செய்து, காற்று அடித்து, பட்டனைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மூன்று டேங்குக்குச் சராசரி 18 என்று போன் செய்தார். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதுவே நல்ல கணக்கு.

பேட்டரியை மாற்றச் சொல்கிறவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஒவ்வொரு செல் தொகுதியின் வோல்டேஜையும், லோடு கொடுத்தபோதும் கொடுக்காதபோதும் எடுத்ததை, அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.