மதகைத் திறக்கும் முன்: சிறு கழிவுநீர்க் குளங்களுக்கான அமெரிக்க வெளியேற்ற அனுமதி

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் நெடுஞ்சாலையில் போகும்போது, சின்ன ஊர்களின் ஓரத்தில் வேலி போட்ட இரண்டு மூன்று சதுரக் குளங்கள் கண்ணில் படும். கரையில் புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள், வாத்துகள் நீந்தும். மீன் வளர்க்கிறார்கள் போல என்று நினைத்துக் கடந்துவிடுவோம். உண்மையில் அதுதான் அந்த ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். லகூன் என்பார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. வெயில், காற்று, பாசி, பாக்டீரியா, இவற்றோடு நிறைய நாட்கள். அவ்வளவுதான்.

கடைசிக் குளத்தின் மூலையில் ஒரு வால்வு இருக்கும். அதைத் திறந்தால் தண்ணீர் பக்கத்து ஓடைக்குப் போகும். அந்த வால்வைத் திறக்க என்னென்ன அனுமதி வேண்டும், எப்போது திறக்கலாம், திறந்தபின் யாருக்கு என்ன எழுதித் தர வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, குழாய், வாய்க்கால் போன்ற குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து ஆற்றிலோ ஓடையிலோ ஏரியிலோ கழிவை விட வேண்டுமானால் அனுமதி கட்டாயம். சட்டத்தின் 402ஆம் பிரிவு தரும் இந்த அனுமதியை என்பிடிஇஎஸ் பெர்மிட் என்று சுருக்கிச் சொல்வார்கள். "எங்கள் ஊரில் 60 வீடுதான், எங்களுக்குமா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். ஆமாம், உங்களுக்கும்தான். இத்தனை லிட்டருக்குக் கீழே இருந்தால் விலக்கு என்று எந்த அளவும் சட்டத்தில் இல்லை. டிரெய்லர் வீடுகளின் குடியிருப்பு, கோடைக்கால முகாம், கிராமப்புறப் பள்ளி என்று யார் விட்டாலும் ஒரே விதிதான்.

பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையே இதை வழங்குகிறது. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏதான் நேரடியாகத் தருகிறது. ஐடஹோ 2018இல்தான் இந்தப் பொறுப்பைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டது. பூர்வகுடி நிலங்களில் பெரும்பாலும் இபிஏவிடம்தான் போக வேண்டும்.

தண்ணீரை வெளியே விடாத குளங்களுக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. வறண்ட பகுதிகளில் முழுவதும் ஆவியாகிப் போகும்படி அகலமாகக் குளம் கட்டுவதுண்டு. சில ஊர்கள் புல்வெளிக்குப் பாய்ச்சிவிடும். இவற்றுக்கு மாநிலத்தின் வேறு அனுமதி தேவைப்படும். ஒற்றை வீட்டுக்கான குளமென்றால் மாநில அல்லது கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சுகாதார விதிகளோடு முடிந்துவிடும். ஆனால் "நாங்கள் வெளியே விடவில்லை, மண்ணுக்குள்தான் இறங்குகிறது" என்ற பதிலை இப்போது அப்படியே நம்பி உட்கார முடியாது. ஹவாயின் மாவி கவுண்டி வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், நிலத்தடி வழியாகப் போனாலும் நேரடியாக விட்டதற்குச் சமமாக இருந்தால் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. எவ்வளவு தூரம், எவ்வளவு காலம் என்பவைதான் அதில் முக்கிய அளவுகோல்கள். ஓடைக்கரையை ஒட்டி, அடிப்பகுதி ஒழுகும் பழைய குளம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அனுமதி இரண்டு வகை. ஓர் ஊருக்கென்றே தனியாக எழுதப்படுவது ஒன்று. ஒரே மாதிரியான பல குளங்களுக்கு மொத்தமாக ஒரே ஆவணம் எழுதி, "நாங்களும் இதில் சேர்கிறோம்" என்று விண்ணப்பிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பொது அனுமதி இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் சிறு லகூன்களுக்குப் பொது அனுமதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வேலையும் செலவும் குறைவு. ஏற்கெனவே மாசுபட்டதாகப் பட்டியலிடப்பட்ட ஓடையில் விடுகிறீர்கள், தொழிற்சாலைக் கழிவும் கலக்கிறது என்றால் அதில் சேர்க்க மாட்டார்கள், தனி அனுமதிதான். ஊராட்சியின் நிலையமாக இருந்தால் தனி அனுமதிக்கு 2ஏ என்ற படிவம். புதிதாக விடுவதானால் 180 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

தனி அனுமதியின் வரைவு தயாரானதும் பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் தருவார்கள். அந்த 30 நாட்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, அனுமதி வாங்கும் உங்களுக்கும்தான். வரைவை யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து "இந்த எண் எப்படி வந்தது?" என்று தலையைச் சொறியும் ஊர்கள் இருக்கின்றன.

சரி, எண்களுக்கு வருவோம். நகரத்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய விதி விதிக்கும் அடிப்படை அளவு: பிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க ஐந்து நாளில் செலவாகும் ஆக்சிஜன், மாதச் சராசரியாக லிட்டருக்கு 30 மில்லிகிராம், வாரச் சராசரியாக 45. தண்ணீரில் மிதக்கும் துகள்களுக்கும் அதே அளவு. உள்ளே வந்ததில் 85 சதவீதம் நீங்கியிருக்க வேண்டும். லகூனால் இதை எல்லா நேரமும் எட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால், குளத்தையே முக்கியச் சுத்திகரிப்பு முறையாகக் கொண்ட நிலையங்களுக்கு ஒரு தளர்வு உண்டு. மாதச் சராசரி 45, வாரச் சராசரி 65, நீக்கம் 65 சதவீதம். இது தானாக வந்துவிடாது. சரியாக நடத்தியும் 30ஐ எட்ட முடியவில்லை என்று பழைய பதிவுகளைக் கொண்டு காட்ட வேண்டும்.

துகள்களில் இன்னொரு விட்டுக்கொடுப்பும் இருக்கிறது. கோடையில் குளம் பச்சைப் பசேல் என்றிருக்கும். அந்தப் பாசிதான் ஆக்சிஜன் கொடுத்துக் கழிவைச் சிதைக்கிறது. அதே பாசி வெளியே போகும்போது துகளாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. வேலை செய்தவனுக்கே அபராதம் என்கிற கதை. அதனால் குளமே முக்கியச் சுத்திகரிப்பு முறையாக இருக்கும் இடங்களில் மாநிலங்கள் துகளுக்கு இன்னும் கூடுதல் வரம்பு வைக்கலாம். கொலராடோவில் காற்றூட்டாத குளங்களுக்கு 105 வரை போகிறது.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும். இதிலும் பாசி ஒரு விளையாட்டுக் காட்டும். வெயில் நேரத்தில் தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் பிற்பகலில் பிஎச் 9ஐத் தாண்டிவிடும். ரசாயனம் சேர்க்கவில்லை, தொழிற்சாலைக் கழிவாலும் அல்ல என்று நிரூபித்தால் மத்திய விதி இதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

இவையெல்லாம் தொழில்நுட்பத்தை வைத்து வரும் வரம்புகள். ஓடை தாங்குமா என்று பார்த்து வைக்கும் வரம்புகள்தான் இன்றைக்குச் சிறு ஊர்களைத் திணறடிக்கின்றன, குறிப்பாக அம்மோனியா. இபிஏ 2013இல் வெளியிட்ட பரிந்துரை அளவு, பிஎச் 7, வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, நீண்டகாலச் சராசரியாக லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். நன்னீர்ச் சிப்பிகள் அம்மோனியாவைத் தாங்காது என்று தெரிந்த பிறகு வந்த அளவு இது. குளிர்காலத்தில் குளத்தின் மேல் பனிக்கட்டி மூடிவிட்டால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஏறக்குறைய தூங்கிவிடுகிறது. 40 வருடம் முன்பு கட்டிய குளத்தில் அந்த எண்ணை எட்டச் சொல்வது, மாட்டு வண்டியில் விரைவுச் சாலையில் போகச் சொல்வது போல. அப்படிப்பட்ட வரம்பு வரைவில் வந்தால், படிப்படியாக நிறைவேற்ற ஒரு கால அட்டவணை கேட்கலாம். ஊரால் செலவைத் தாங்கவே முடியாதென்றால் தற்காலிக விலக்குக்கு முயற்சி செய்யலாம்.

கிருமிகளுக்கு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் அளவைப் பார்ப்பார்கள். ஆறு ஏரிகளில் குளிப்பதற்கான பரிந்துரை 100 மில்லிலிட்டரில் 126. நீண்ட நாள் தேங்கிய தண்ணீரில் இது பல சமயம் தானாகவே குறைந்துவிடும். குளோரின் போட்டால் அப்புறம் அதையும் நீக்கியாக வேண்டும். நன்னீர் உயிர்களுக்கான நீண்டகாலக் குளோரின் அளவு லிட்டருக்கு 0.011 மில்லிகிராம்தான். சாதாரணப் பரிசோதனைப் பெட்டியால் அவ்வளவு சிறிய எண்ணைப் படிக்கவே முடியாது.

இனி, இந்த அனுமதியில் மற்ற நிலையங்களுக்கு இல்லாத ஒரு விஷயம்: நாட்காட்டி. பல லகூன்களுக்கு நினைத்தபோது விட அனுமதி இல்லை. குளிர்காலம் முழுவதும் தேக்கிவைத்து, ஓடையில் நீரோட்டம் நன்றாக இருக்கும் வசந்தத்திலும் மறுபடி இலையுதிர் காலத்திலும் மட்டும் விட வேண்டும். அதற்கு ஏறக்குறைய 180 நாள் கொள்ளளவு வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 பேர் உள்ள ஊர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 கேலன் என்றால் நாளுக்கு 40,000 கேலன், சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர். 180 நாளைக்கு 72 லட்சம் கேலன். குளத்தில் 2 அடியை அடியில் விட்டுவைத்து 6 அடி வரை நிரப்புவதாக வைத்தால், நடுவில் பயன்படும் 4 அடிக்குள் இதை அடக்க ஐந்தரை ஏக்கர் வேண்டும். நிலத்துக்குள் பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியே மழைநீர் புகுந்தால், அந்த 180 நாள் 120 ஆகச் சுருங்கிவிடும். அப்போது பிப்ரவரியில் குளம் ததும்பும், திறக்கவும் அனுமதி இருக்காது. லகூன் ஊர்களுக்கு வரும் பெரிய சிக்கல் தண்ணீரின் தரத்தைவிட இதுதான் என்பேன். குழாயைச் சரிசெய்யப் போடும் காசு, குளத்தை அகலப்படுத்துவதைவிடப் பல சமயம் மலிவு.

இன்னொரு கண்ணியும் இங்கேதான் இருக்கிறது. அனுமதியில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதோடு, நாளுக்கு இத்தனை பவுண்டு என்றும் வரம்பு வரும். அமெரிக்கச் சூத்திரம்: நாளொன்றின் ஓட்டம் மில்லியன் கேலனில், அதைச் செறிவால் பெருக்கி, 8.34ஆல் பெருக்க வேண்டும். நமது 400 பேர் ஊருக்கு 0.04 × 45 × 8.34, அதாவது 15 பவுண்டு. ஆனால் ஆறு மாதத் தண்ணீரை 15 நாளில் விட்டால் நாளுக்கு 4,80,000 கேலன் போகும், அதே செறிவில் 180 பவுண்டு. அன்றாடம் ஓடும் நிலையம் என்று நினைத்து யாராவது 15 என்று எழுதிவைத்தால், தண்ணீர் நன்றாக இருந்தும் முதல் நாளே மீறல். வரைவைப் படியுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எவ்வளவு வேகமாக இறக்கலாம் என்றும் நிபந்தனை இருக்கும். மினசோட்டாவில் நாளுக்கு 6 அங்குலத்துக்கு மேல் குளத்தின் மட்டம் இறங்கக் கூடாது.

பிஓடி பரிசோதனைக்கு ஐந்து நாள் ஆகும். முடிவு கைக்கு வரும்போது தண்ணீர் ஓடையில் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் திறப்பதற்கு முன்னரே கடைசிக் குளத்தில் மாதிரி எடுத்து, முடிவைப் பார்த்துவிட்டுத் திறக்கச் சொல்கிறார்கள். பல அனுமதிகளில் அதைத் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். 65 சதவீத நீக்கத்தைக் காட்ட, உள்ளே வரும் கழிவிலும் மாதிரி எடுக்க மறந்துவிடக் கூடாது. மாதிரியைக் கொண்டுபோவதிலும் நேர விதிகள் உண்டு. பிஎச்சும் குளோரினும் 15 நிமிடத்துக்குள் அங்கேயே பார்க்க வேண்டும். ஈ.கோலை மாதிரி எட்டு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். பிஓடிக்கு 48 மணி நேரம், பனிக்கட்டியில் வைத்து 6 டிகிரி செல்சியஸுக்குள். ஆய்வகம் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர்களில் வெள்ளிக்கிழமை மாலை மாதிரி எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

அடுத்து, மாதாந்திர அறிக்கை. டிஎம்ஆர் என்பார்கள், இப்போது இணையத்தில்தான் பதிவு. அறிக்கை தர வேண்டிய ஒரு காலகட்டத்தில் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்றாலும் "வெளியேற்றம் இல்லை" என்று பதிய வேண்டும், அதற்கென்றே சி என்ற குறியீடு இருக்கிறது. விடவில்லையே, எதற்கு அறிக்கை என்று சும்மா இருந்து மீறல் நோட்டீஸ் வாங்குவது வெகு சாதாரணம். அறிக்கையில் கையெழுத்துப் போடும் பொறுப்பு மேயருக்கோ அவர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தவருக்கோதான். தெரிந்தே பொய் எழுதினால் 10,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. பரிசோதனைத் தாள்களை மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கரை உடைவது, அனுமதியில்லாத நேரத்தில் வழிவது போன்ற ஆபத்தான மீறல்களை, தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் துறைக்கு வாய்மொழியாகச் சொல்லி, ஐந்து நாளுக்குள் எழுதியும் தர வேண்டும். கரையைப் பற்றிச் சொல்லும்போது, மஸ்க்ராட் என்ற நீர் எலியை லேசாக நினைக்காதீர்கள். பொறியாளர் போட்ட கரையை அது துளை போட்டே கவிழ்த்துவிடும். வாராவாரம் கரையைச் சுற்றி நடந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் அதற்காகத்தான். மத்தியச் சட்டப்படி ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 60,000 டாலருக்கும் மேல் அபராதம் போட இடமுண்டு. சிறு ஊர்களுக்கு அதற்கு முன் கடிதம், பேச்சு, கால அட்டவணையுடன் கூடிய உத்தரவு என்று பல படிகள் வரும். தானாகப் போய்ச் சொன்னவர்களிடம் துறை நடந்துகொள்ளும் விதமே வேறு.

2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. "ஓடையின் தரம் கெடாமல் பார்த்துக்கொள்" என்று பொதுவாக எழுதி, ஓடை கெட்டால் அனுமதிதாரரைப் பிடிக்கும் வாசகங்களை இனி வைக்க முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதைத் துறையே தெளிவாக எழுத வேண்டும். பழைய அனுமதியில் அந்த வாசகம் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் மாறி வரலாம். அதற்குப் பதிலாக என்ன எண் வருகிறது என்று பாருங்கள்.

அனுமதியின் ஆயுள் ஐந்து ஆண்டு. முடிவதற்கு 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், துறை தாமதித்தாலும் பொதுவாகப் பழைய அனுமதியே தொடர்ந்து செல்லும். விண்ணப்பிக்கத் தவறினால், அனுமதி முடிந்த அடுத்த நாளிலிருந்து நீங்கள் அனுமதியில்லாமல் தண்ணீர் விடுபவர். குளத்தைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் ஓய்வு பெற்று, கடிதம் பழைய முகவரிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் தேதி தாண்டிவிடுவதுண்டு. அந்தத் தேதியை நகர மன்ற அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். புது ஆபரேட்டரின் பெயரையும் சான்றிதழ் நிலையையும் துறைக்குத் தெரிவியுங்கள், லகூனுக்கென்று மாநிலம் வைத்திருக்கும் தகுதிச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று வேலைக்கு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.