மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது, உங்கள் தவணை ஏன் கூடுகிறது?

2024 ஜூன் தொடக்கத்தில், நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கியின் கொள்கை வட்டி 5 சதவீதம். 2025 அக்டோபர் முடிவில் 2.25. ஆனால் 2021இல் ஐந்து வருட நிலையான வட்டிக்கு வீட்டுக் கடன் எடுத்தவர்கள் அதைப் புதுப்பிக்கப் போனால் மாதத் தவணை கூடுகிறது. ரொறன்ரோவில் வீட்டுக் கடன் முகவராக இருக்கும் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்: "அண்ணை, வட்டி குறைஞ்சிட்டுது எண்டு செய்தியிலை சொல்லுறாங்கள். பாங்க் அனுப்பின கடிதத்திலை மட்டும் ஏன் கூட இருக்கு?"

பாங்க் ஏமாற்றவில்லை. கனடா வங்கியின் முடிவோடு நேரடியாக ஏறி இறங்குவது மாறும் வட்டி, அதாவது வேரியபிள். ஐந்து வருட நிலையான வட்டி, அரசாங்கத்தின் ஐந்து வருடக் கடன் பத்திரம் தரும் வட்டியைப் பார்த்து நடக்கும். அந்தப் பத்திரங்களை வாங்கி விற்கிறவர்கள் வரப்போகும் பணவீக்கம், அரசு வாங்கப்போகும் கடன், அமெரிக்காவில் நடக்கப்போவது எல்லாவற்றையும் இன்றைக்கே கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். கனடா வங்கி குறைப்பை அறிவிக்கும் நாளில், நிலையான வட்டி பெரும்பாலும் அதை முன்பே உள்வாங்கி முடிந்திருக்கும்.

ஒரு கணக்கு. ஐந்து இலட்சம் டொலர், 25 வருடத்தில் கட்டி முடிக்கும் கடன், 2021இல் முதல் ஐந்து வருடத்துக்கு 1.79 சதவீதம்: மாதம் ஏறத்தாழ 2,067 டொலர். ஐந்து வருடம் கழித்து மீதி சுமார் 417,000. அதையே 4.2 சதவீதத்துக்கு மிச்சமுள்ள 20 வருடத்துக்குப் போட்டால் மாதம் 2,563. கிட்டத்தட்ட 500 டொலர் கூட. "திரும்பவும் 25 வருடமாக்கித் தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்கினால் தவணை 2,239 ஆகும், மூச்சு விடலாம். ஆனால் இதே வட்டி கடைசிவரை நின்றால் மொத்தமாக 56,000 டொலருக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். வேறு வழி இல்லாதவருக்கு இது சரி. புதுக் கார் வாங்குவதற்காகச் செய்யாதீர்கள்.

(அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுக் கடன்கள் முப்பது வருடத்துக்கும் ஒரே வட்டி. நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சான் சொல்லும் ஆலோசனை இங்கே பொருந்தாததற்கு அதுதான் காரணம்.)

அந்த 1.79 எங்கிருந்து வந்தது? கொரோனாக் காலத்தில் கொள்கை வட்டி 0.25க்கு இறங்கி, 2022 மார்ச் வரை அங்கேயே கிடந்தது. வட்டி நீண்ட காலத்துக்குக் குறைவாகவே இருக்கும் என்று 2020 ஜூலையில் கனடா வங்கியின் ஆளுநர் டிஃப் மேக்லம் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு விலைவாசி கிளம்பியது. 2022 ஜூனில் பணவீக்கம் 8.1 சதவீதம், ஏறத்தாழ நாற்பது வருடத்தில் காணாத உயரம். 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் பத்துத் தடவை ஏற்றி வட்டியை 5க்குக் கொண்டுவந்தார்கள். மாறும் வட்டிக்கு அடிப்படையாக வங்கிகள் வைக்கும் பிரைம் வட்டி 2.45இலிருந்து 7.20 ஆனது. பிரைமிலிருந்து ஒரு புள்ளி குறைத்து ஐந்து இலட்சம் எடுத்தவரின் தவணை 2,000 டொலருக்குச் சற்றுக் கீழே இருந்திருக்கும். உச்சத்தில் வட்டி மட்டுமே 2,400ஐத் தாண்டியது. தவணையை மாற்றாமல் வைத்திருந்த சில வங்கிகளில், கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கனடாவின் விலைவாசிச் சுட்டெண்ணுக்குள் வீட்டுக் கடன் வட்டியும் ஒரு செலவாக இருக்கிறது. விலையை அடக்க வட்டியை ஏற்றினார்கள், அந்த வட்டியே சுட்டெண்ணை மேலே தள்ளியது.

அப்புறம் வந்தது இறக்குமதி வரி. 2025 மார்ச்சில் அமெரிக்கா உருக்குக்கும் அலுமினியத்துக்கும் 25 சதவீதம் போட்டு, ஜூனில் 50 ஆக்கியது. ஏப்ரலில் கார்களுக்கு 25. கனடா பதிலுக்கு அமெரிக்காவின் ஒரேஞ்ச் ஜூஸ், பீனட் பட்டர், கோப்பி என்று வரி போட்டது. அதைக் கட்டியது கனடாவில் அவற்றை இறக்குமதி செய்தவர்கள், செப்டம்பரில் கனடா அதில் பெரும்பகுதியை எடுத்தும்விட்டது. வட்டியைப் பொறுத்தவரை இந்த வரி இரண்டு பக்கமும் இழுக்கும். பொருள் விலை ஏறினால் வட்டி ஏற வேண்டும். ஏற்றுமதி படுத்து வேலை போனால் வட்டி இறங்க வேண்டும். எது வெல்லும்? 2025 ஏப்ரலில் கனடா வங்கி வழக்கமான ஒற்றைக் கணிப்பைக் கைவிட்டு இரண்டு காட்சிகளை வெளியிட்டது: ஒன்றில் பணவீக்கம் 2 சதவீதத்தை ஒட்டி அடங்கியிருக்கும், மற்றதில் பொருளாதாரம் மந்தத்தில் விழும், பணவீக்கமும் தற்காலிகமாக 3ஐத் தாண்டும். மத்திய வங்கிக்கே இரண்டு பதில் இருக்கும்போது, வட்ஸ்அப் குழுவில் "வேரியபிளுக்குப் போங்கோ, இன்னும் இறங்கும்" என்று அடித்துச் சொல்கிறார்கள்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வட்டியைப் பற்றி அல்ல. வீட்டுக்குச் சம்பளம் எங்கேயிருந்து வருகிறது? கணவன் மனைவி இருவரும் மருத்துவமனையிலும் பாடசாலையிலும் வேலை என்றால், ஐந்து வருட நிலையான வட்டியை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒருவர் கார் உதிரிப்பாக ஆலையிலோ உருக்குத் தொழிலிலோ இருந்தால் கதை வேறு. 2025 அக்டோபரில் ஸ்டெலான்டிஸ் கார் நிறுவனம், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிரம்டன் ஆலைக்கென்று வைத்திருந்த ஜீப் கொம்பஸ் தயாரிப்பை அமெரிக்காவின் இலினோய்க்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த ஆலையை நம்பியிருந்த கடைசி உதிரிப்பாகப் பட்டறைவரை அந்த அடி போகும்.

இப்படிப்பட்ட குடும்பம் பார்க்க வேண்டியது, கடனை இடையில் முறித்தால் வரும் தண்டப்பணம். மாறும் வட்டியில் அது பொதுவாக மூன்று மாத வட்டி. நிலையான வட்டியில் மூன்று மாத வட்டி, அல்லது உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டி ஒப்பந்தத்தின் மிச்சக் காலத்துக்குப் போட்டு வரும் தொகை; இரண்டில் எது பெரிதோ அது. மேலே சொன்ன 4.2 சதவீதக் கடனை ஐந்து வருட நிலையான வட்டிக்கு எடுத்து இரண்டு வருடத்தில் முறிக்கிறீர்கள், மீதி 389,000, அன்றைக்கு வட்டி 3.2 என்று வையுங்கள். மூன்று மாத வட்டி சுமார் 4,100. வித்தியாசக் கணக்கு 11,500க்கு மேல். பெரிய வங்கிகள் கணக்குப் போடும் முறையில் இது இன்னும் ஏறலாம். வரியால் மந்தம் வந்து, வேலை போய், வீட்டை விற்க வேண்டிவரும் அதே நேரத்தில்தான் வட்டியும் இறங்கியிருக்கும். அதாவது தண்டப்பணம் உச்சத்தில் இருக்கும். இந்த வீட்டுக்காரருக்கு 0.2 சதவீதம் குறைவான வட்டியைவிட, குறைந்த செலவில் வெளியே வரக்கூடிய ஒப்பந்தம் பெறுமதியானது. மூன்று வருட நிலையான வட்டியோ மாறும் வட்டியோ எடுக்கச் சொல்வேன், நான்கைந்து மாதத் தவணை கையில் இருந்தால் மட்டும்.

இன்னொன்று: புதுப்பிக்கும் நாளுக்கு நான்கு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். 120 நாள்வரை வட்டியைப் பிடித்துவைக்கப் பல இடங்களில் முடியும். வங்கியின் கடிதத்துக்காகக் காத்திருந்தால், சட்டப்படி அது வெறும் 21 நாள் முன்னால் வந்தால் போதும். காப்புறுதி (நீங்கள் கட்டத் தவறினால் வங்கியைக் காப்பது) இல்லாத கடனையும் 2024 நவம்பரிலிருந்து ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அதாவது இன்னும் கூடிய வட்டியிலும் கட்ட முடியுமா என்ற சோதனை, இல்லாமல் அப்படியே வேறு வங்கிக்கு மாற்றலாம். ஆனால் புது வங்கி சம்பளத் துண்டு கேட்கும். வேலை போன பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும், பழைய வங்கி நீட்டும் வட்டிக்குத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏற்கெனவே லே-ஓஃப் ஆகிவிட்டீர்களா? கணக்கில் பணமில்லாமல் முதல் தவணை திரும்பிவரும் முன் வங்கிக்கு எடுத்துச் சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டுக் கடனில் சிரமப்படுவோருக்குக் கடன் காலத்தைத் தற்காலிகமாக நீட்டுவது, சில கட்டணங்களை விடுவது போன்றவற்றை வங்கிகள் பரிசீலிக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டல் 2023இலிருந்தே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.